மடக்கிக் காட்டாத கை

12.3.1992

டீக்கடையில் இன்று சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தான். நான் கேட்கவேயில்லை. அடிபட்ட ஆள் என்ற இரக்கமா, இல்லை எனக்குப் பெரிய நஷ்டஈடு வரப் போகிறது என்று யாராவது ஊதிவிட்டார்களா?

இடது கையால் எழுதுவதால் ஒரு வரி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. வலது கையின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பனியன் துணியை நீராவி காட்டித் தேய்க்கும் காலண்டர் மெஷின், கொதிக்கிற இரண்டு ரோலர், நடுவில் துணியோடு என் கை. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிக் கணு போய்விட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது. ஆனால் வீங்கி, தோல் பளபளத்து, யாருடைய கையையோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

முதலாளியே தன் காரில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இ.எஸ்.ஐ. பேப்பரிலும் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தீபாவளி போனஸுக்கே நாயாக அலையவிடும் மனிதர். எதற்கு இந்த அக்கறை என்று படுத்தபடியே யோசித்தேன். பிடிபடவில்லை.

16.3.1992

இ.எஸ்.ஐ. டாக்டர் ஒரு சீட்டு எழுதி நல்லூருக்கு அனுப்பினார். மாதா கோயிலை ஒட்டின கட்டடத்தில் கைகால் பயிற்சி கொடுக்கிறார்களாம். காசு கிடையாதாம். காசு கிடையாது என்றதுமே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது.

செல்லத்தாய் என்று ஒரு பெண், விருதுநகர்ப் பக்கம். அவள்தான் பிசியோதெரபிஸ்ட். கழுத்தில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்தேன். கறுப்புக் கயிறுதான் கிடந்தது. அதுவும் ஒரு வேஷமாக இருக்கலாம்.

மெழுகை உருக்கி, பொறுக்கும் சூட்டில் என் கையை அதில் முக்கி எடுத்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். உயிர் போய்விட்டது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை விரலில் வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து, அட்டையில் குறித்துக்கொண்டாள்.

"ரெண்டு வெரல்ல நுனிதாண்ணே போயிருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. ஒழுங்கா வந்தீங்கன்னா மறுபடி மெஷின்லயே நிக்கலாம்."

"அந்த அட்டை எங்கீங்க போகும்?" என்று கேட்டேன்.

"இங்கனதான் இருக்கும். டாக்டர் கேட்டா அனுப்புவோம்."

டாக்டர் எதற்குக் கேட்பார்?

22.3.1992

காசிமாயன் வந்தான். என்னோடு மெஷினில் நிற்பவன், உசிலம்பட்டிக்காரன். அரை டஜன் ஆரஞ்சுப் பழமும் ஒரு யோசனையும் கொண்டுவந்தான்.

"யண்ணே, இன்னும் கொஞ்ச மாசத்துல மெடிக்கல் போர்டுக்குக் கூப்புடுவாய்ங்க. கை எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு அவிங்கதான் பாத்து சதவீதம் போடுவாய்ங்க. ஆயுசுக்கும் மாசாமாசம் வர்ற பணம். மடக்குன்னு சொன்னா மடக்கிக் காட்டிராதீங்க. மடக்குனீங்க, போச்சு!"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. காரில் கூட்டிப்போனது, உடனே கையெழுத்துப் போட்டது, காசில்லாத பயிற்சி, அந்த அட்டை. கையை நன்றாக்கி, நன்றாகிவிட்டது என்று அட்டையில் எழுதி, போர்டுக்கு அனுப்பி, சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள். அத்தனையும் ஒரே சங்கிலி. இத்தனை நாள் நான் வெள்ளந்தியாக அந்தப் பெண் முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் காசிமாயனுக்கு இதில் என்ன லாபம்? ஆரஞ்சு வேறு வாங்கி வந்திருக்கிறான். நான் திரும்பி வராவிட்டால் ஆபரேட்டர் இடம் அவனுக்குத்தான். இருந்தாலும் சொன்னது சரியாகத்தான் படுகிறது.

25.3.1992

மடக்கச் சொன்னாள். "முடியலீங்க" என்றேன். முகத்தை நன்றாகச் சுளித்தேன்.

3.4.1992

செல்லத்தாய் என்னை உட்காரவைத்து நிறையப் பேசினாள். ஊனமுற்றோருக்கு பஸ் பாஸ் உண்டாம். சொந்தமாகத் தொழில் செய்ய பேங்கில் கடன் உண்டாம், அதில் ஒரு பங்கு மானியமாம். விண்ணப்பமெல்லாம் அவளே எழுதித் தருவாளாம்.

"இதெல்லாம் உங்களுக்குன்னே வச்சிருக்கதுண்ணே. யாரும் கேக்காம சும்மா கெடக்கு. பணத்தையும் வாங்குங்க, கையையும் சரி பண்ணிக்கோங்க. ஒன்னு வாங்கினா இன்னொன்னு போயிரும்னு நெனைக்காதீங்க."

நான் மனதில் நினைத்ததை அப்படியே எடுத்துச் சொல்கிறாள்! யாரோ சொல்லிக்கொடுக்காமல் இவளுக்கு இது எப்படித் தெரியும்? கமிஷன் ஏதாவது இருக்குமோ? "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

9.4.1992

என் வீட்டுக்காரி மருதாள் பனியன் செக்கிங் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, சும்மா ஒரு தடவை மடக்கிப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையைத் தொட்டுவிட்டன! கட்டைவிரல் வந்து அவற்றின் மேல் உட்கார்ந்தது. வலிதான், ஆனால் மடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொம்பை எடுத்தேன், கையில் நின்றது. இன்னொரு தடவை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ராக்கையா கதவைத் தட்டினார். எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு, எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன். தீப்பெட்டி வேண்டுமாம். துண்டைக் கை மேல் போட்டுக்கொண்டு இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். "கை எப்படி இருக்குதுங்க வெள்ளியங்கிரி?" என்று கேட்டார். கேட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தார்.

பீடி குடிக்கிறவர் வீட்டில் தீப்பெட்டி இல்லாமலா இருக்கும்?

11.4.1992

மருதாள் காலையில் சந்தோஷமாகச் சொன்னாள், "ஏனுங்க, தூக்கத்துல உங்க வெரலு தானா மடங்குச்சுங்க. நான் பார்த்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கத்தில் மடங்குகிற விரல் போர்டு முன்னால் மடங்காமல் இருக்குமா? அதிலும் மருதாள் பைப்படியில் நாலு பேரிடம் சொல்லிவைத்தால்?

"ஆருகிட்டயாச்சும் சொன்னே, தெரியும் சேதி" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய் வேலைக்குப் போனாள். பனியன் பெட்டி அட்டை ஒன்று கிடந்தது. கை அளவுக்கு வெட்டி, உள்ளங்கையில் வைத்து, கட்டிங் வேஸ்ட் துணியால் விரல்களை நீட்டினபடி சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இனி படுக்கும்போதும் இதுதான்.

20.4.1992

நல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், அந்தக் கட்டடத்து வாசலில் ராக்கையா! செல்லத்தாய் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இறங்கின பஸ்ஸிலேயே மறுபடி ஏறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சந்தேகம் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாகிவிட்டது. இனி அந்தப் பக்கம் போவதில்லை.

4.5.1992

செல்லத்தாய் ஆள் அனுப்பியிருக்கிறாள், ஏன் வரவில்லை என்று. நான் குண்டடத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக மருதாளைச் சொல்லச் சொன்னேன். மருதாள் சொல்லிவிட்டு வந்து, "பொய் சொல்றதுக்குத்தான் என்னைக் கட்டுனீங்களா?" என்றாள்.

6.5.1992

செல்லத்தாயே நேரில் வந்துவிட்டாள். நான் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மருதாளிடம் சொன்னது காதில் விழுந்தது. "கைய இப்படியே விட்டா வெரல் எறுகிப் போகும்க்கா. அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் திருப்ப முடியாது."

பயமுறுத்துகிறாள். இந்த வெயிலில் ஒருத்தி காசில்லாமல் வீடு தேடி வருகிறாள் என்றால் அவளுக்கு எங்கிருந்தோ நெருக்கடி இருக்க வேண்டும்.

30.5.1992

கையில் கட்டின அட்டை வியர்வையில் இற்றுவிட்டது. வேறு வெட்டினேன்.

19.6.1992

போர்டுக்கு வரச் சொல்லி ஓலை வந்துவிட்டது. காசிமாயன் வந்து ஒத்திகை பார்த்தான். அவன்தான் டாக்டர். "எங்க, கைய மடக்குங்க பாப்போம்!" என்று அதட்டினான். நான் மடக்கவில்லை. "யண்ணே, தத்ரூபமா இருக்குண்ணே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மருதாள் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுப் பானையை டம்மென்று வைத்தாள்.

7.7.1992

கோயம்புத்தூர். மூன்று டாக்டர்கள். நான் வழியெல்லாம் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டு போனேன். வலி எங்கே, எப்போது, இரவில் எப்படி, எல்லாம்.

ஒருவர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொருவர் என் கையைப் பிடித்து, நுனி போன இரண்டு விரலிலும் கணு எங்கே முடிகிறது என்று தொட்டுப் பார்த்தார். ஏதோ சொன்னார், மூன்றாமவர் எழுதிக்கொண்டார். "சரி, போலாம்" என்றார்கள்.

அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மடக்கிப் பார்க்கச் சொல்லவே இல்லீங்களே" என்று கேட்டேவிட்டேன்.

எழுதினவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கேசுக்கு அது வேண்டாங்க. இந்த வெரல்ல இத்தனை கணு போனா இத்தனை சதவீதம்னு சட்டத்திலேயே இருக்குது. போனது திரும்பி வரப் போறதில்ல. மத்த வெரல் நல்லா மடங்குதுல்ல? மடங்கினா உங்களுக்குத்தான நல்லது, வேலை செஞ்சு சம்பாரிச்சுக்கலாம். அதுக்காக இதைக் குறைக்க மாட்டோம்."

செல்லத்தாய் குறித்துவைத்த அட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது போர்டுக்கு வரவே இல்லை.

7.7.1992, மறுபடியும்

போர்டுக்குள் போகுமுன் அவிழ்த்துப் பையில் வைத்திருந்த அட்டையை வந்ததும் தூக்கி எறிந்தேன். இனிமேல் யாருக்கு மறைக்க வேண்டும்? மடக்கினேன்.

மடங்கவில்லை.

வலிக்குப் பயந்து விட்டுவிட்டேனோ என்று இடது கையால் அழுத்தினேன். மரக்கட்டை. மோதிர விரல் கொஞ்சம் அசைகிறது, சுண்டுவிரல் அதுவும் இல்லை. அய்யோ, ஏப்ரல்ல சொம்பு தூக்குன கைதான இது. ஆரு ஏமாத்துனா என்னை? ஆரும் ஏமாத்தலையே.

மருதாள் பார்த்துக்கொண்டே நின்றாள். வந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

9.7.1992

நல்லூருக்குப் போனேன். செல்லத்தாயிடம் எல்லாவற்றையும் உளறினேன், அட்டை வைத்துக் கட்டினது வரைக்கும். அவள் எழுந்து போய் மெழுகை அடுப்பில் வைத்தாள்.

"முழுசா வராதுண்ணே. வர்ற வரைக்கும் பாப்போம்."

வெளியே பெஞ்சில் ராக்கையா உட்கார்ந்திருந்தார். முட்டிவலிக்கு மாசக்கணக்காக வருகிறாராம். லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம், என்னைத் தவிர.

18.9.1992

பஸ் பாஸ் வந்துவிட்டது. முதல் மாதப் பணமும் வந்தது. கட்டைவிரல் நன்றாகத் திரும்பிவிட்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறேன். நனைந்த துண்டைப் பிழிய முடியவில்லை, மருதாள் பிழிந்து கொடுக்கிறாள்.

காலண்டர் மெஷினில் இப்போது காசிமாயன்தான் ஆபரேட்டர். அதற்காகத்தான் சொன்னானா, நல்லதுக்குத்தான் சொன்னானா என்று இன்னமும் யோசிக்கிறேன். தெரிந்து என்ன ஆகப் போகிறது? அட்டையை வெட்டினது நான்.

2.12.1992

செல்லத்தாய் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு பேங்க் மேனேஜர் சரி என்றுவிட்டார். லைன் வீட்டு முக்கில் பெட்டிக்கடை. இடது கையால் பொட்டலம் மடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கமிஷன் யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்து பார்த்தேன், கேட்கவில்லை.

17.2.1993

இன்று பயிற்சிக்குப் போனபோது வாசல் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மாள், தென் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கட்டிங் மெஷினில் கை பட்டுவிட்டதாம். வெற்றிலையை மடித்து, அந்தக் கையாலேயே சுண்ணாம்பைக் கிள்ளித் தடவி வாயில் அதக்கினாள். விரல்கள் அழகாக மடங்கின.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள், நான் கதவோரம் நின்றேன். செல்லத்தாய் ஸ்கேலை எடுத்து, "மடக்குங்கம்மா" என்றாள்.

"மடங்கலையே தாயி."

விரல்கள் விறைப்பாக நின்றன. முகத்தைச் சுளித்தாள். கண் மட்டும் செல்லத்தாயின் அட்டை மேலேயே இருந்தது. இதே ஸ்டூல், இதே சுளிப்பு.

அவள் கிளம்பினதும் பின்னாலேயே ஓடினேன். மரத்தடியில் நிறுத்தி, என் கையை அவள் முன்னால் நீட்டினேன். மடக்கிக் காட்டினேன். பாதியில் நின்றது.

"இதுக்கு மேல வராதுங்கம்மா. நானும் மடங்கலை மடங்கலைன்னு சொல்லியே இப்படி ஆக்கிக்கிட்டேனுங்க. போர்டுல குறைச்சுருவாங்கன்னு பயந்து. உங்களுக்கு நல்லா மடங்குதுங்க, நான் பார்த்தேன். மடக்குங்க. விட்றாதீங்க."

ஒச்சம்மாள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், மேலும் கீழும், வெகுநேரம்.

"நீங்க யாரு? கம்பெனி அனுப்புன ஆளா?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாகப் போய்விட்டாள்.