கை முதலில் கீழ்ப்படிந்தது

கர்த்தருக்குள் பிரியமான என்னவருக்கு,

அவருடைய கிருபையால் இங்கே நானும் அத்தையும் சுகம். கடலில் உங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்க ஜெபிக்கிறோம். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. வாய்தான் இன்னும் வரவில்லை. டாக்டரையே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார்கள். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாமல் படியுங்கள். நம் பாப்பாவின் உயிரைக் கொண்டுபோன லாரியை ஓட்டியவர், தண்டனை முடிந்து ஏதோ பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அங்கே தீப்பிடித்து இரண்டு கையும் வெந்து, என் வார்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆள் யாரென்று சொன்னதும் தலைமை நர்ஸ் அக்கா, “நீ அந்தப் பக்கமே போகாத. நான் வேற ஆளப் போட்டுக்கிறேன்” என்றார். தலையாட்டிவிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அவர் வலியில் முனகினால், எழுதவே கூசுகிறது, எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. சபையில் திருவிருந்து எடுக்கிற நானா இது என்று பயந்துபோனேன்.

நேற்று, துணிகள் அடுக்கும் அறையில் நின்று, “என்னால முடியாது ஆண்டவரே. எனக்கு இஷ்டமும் இல்ல. வேணும்னா நீரே செய்யும்” என்றேன். ஜெபமோ சண்டையோ தெரியவில்லை. மனதில் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் அக்காவிடம் போய், நானே கட்டு மாற்றுகிறேன் என்றேன்.

கோர்ட்டில் பார்த்த என் முகம் அவருக்கு மறக்கவில்லை. “நீங்க வேணாம்மா, வேற யாரையாவது வரச்சொல்லுங்க” என்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். “அசையாம இருங்க. வலிச்சா சொல்லுங்க” என்றேன். ஒட்டிப்போன துணியை உப்புநீர் விட்டு நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். புதுக்கட்டு போட்டு முடிக்கும் வரை என் கை நடுங்கவே இல்லை. அந்தப் பலம் என்னுடையதல்ல.

என்னைப் பரிசுத்தவாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து, அத்தைக்குக் கேட்காதபடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதறினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் நாளைக்கும் கட்டு மாற்ற வேண்டும். நாளைக்கு வேண்டிய கிருபையை நாளைக்குத்தான் கேட்க வேண்டும்.

அந்த மனிதரை மன்னியுங்கள் என்று எழுதவில்லை. வேறொன்றுக்காகத்தான் எழுதுகிறேன். பாப்பாவின் அடக்கம் முடிந்து கப்பலேறிய நீங்கள், லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிவருகிறீர்கள். அத்தை நம்புகிறார்கள். அன்று பாப்பாவைக் கடைக்கு அனுப்பியது நீங்கள்தான் என்று நான் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆனால் நினைத்தேன். நான் நினைத்தது உங்களுக்கும் தெரியும். அதையும் நேற்று ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டேன். மறுபடி எடுக்கப் பார்த்தால் அவரே என்னைத் தடுக்கட்டும்.

வீட்டுக்கு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். கடலையும் காற்றையும் அடக்குகிறவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா