எல்லைப்பாறை மலையேறிய செய்தி

மழை பிழையாது பெய்க. இரு நாட்டுக் குடிகளின் அடுப்பும் அணையாது எரிக.

தேன்வரை நாட்டை ஆளும் அல்லியங்கோதை, ஏழு மதகுகளின் தலைவரும் குதிரைப்படையால் புகழ்கொண்டவரும் நெடுவயல் நாட்டின் காவலருமாகிய வேந்தர் கதிர்வேளார் திருமுன்னர் விடுக்கும் ஓலை. தாங்களும் பட்டத்தரசியாரும் அண்மையில் பிறந்த இளங்கோவும் நலமே என்று கேட்க விழைகிறோம். யாம் நலம், சற்றுக் கூடுதலாகவே நலம். அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை.

பாலொழுகி அருவியின் பக்கத்தில் நிற்கும் பெரும்பாறை நாள்தோறும் மேல்நோக்கி நகர்வதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். பாறை நிற்கும் இடமே எல்லை என்பது முன்னோர் உடன்படிக்கை ஆகையால், மந்திரவாதிகளை ஏவி அதை மலையேற்றித் தங்கள் சந்தனக்காட்டை யாம் கவரப் பார்க்கிறோம் என்றும், முழுமதிக்குள் அதை இறக்கி வைக்காவிடில் தங்கள் குதிரைப்படை ஆற்றைக் கடக்கும் என்றும் கண்டிருந்தது. படித்ததும் யாம் சிரித்தோம். எம் அவையும் சிரித்தது.

மறுநாள் எம் எல்லைக்காவலர் தலைவன் முகம் வெளுத்து வந்து நின்றான். "தாயே, பாறை மெய்யாவே ஏறுது. நான் மட்டுமில்ல, காவல்மனையில எல்லாருமே கண்ணால பார்த்தோம்" என்று விண்ணப்பித்தான். சிரிப்பு அடங்கிற்று. வேள்வி செய்க என்றனர் அமைச்சர். நெடுவயலார் முந்துமுன் நாம் முந்துவோம் என்று எம் படைத்தலைவர் பெருஞ்சாத்தனார் படையைத் திரட்டினார். இரண்டுக்கும் முன் நேரில் பார்ப்போம் என்று யாமே அருவிக்குப் புறப்பட்டோம். அவரும் படையோடு உடன் வந்தார்.

காவல்மனை வாயிலில் அமர்ந்து, பால்போல் விழும் நீரை நெடுநேரம் பார்த்தபடி இருந்தோம். பிறகு பக்கத்துப் பாறைமேல் கண்ணைத் திருப்பினோம். வேந்தே, பாறை ஏறிற்று. பாசியும் புல்லுமாக, ஓசையின்றி, யாரோ அடியிலிருந்து தூக்குவதுபோல் மேலே சென்றது. எமக்கே தெரியாத மந்திரவாதி எம் நாட்டில் இருக்கிறான், இனிப் போர் உறுதி என்று எண்ணினோம். மீண்டும் அந்த நீரையே வெறித்திருந்துவிட்டு, படையை அணிவகுத்து நிறுத்தும் ஆணையைச் சொல்லப் பெருஞ்சாத்தனார் பக்கம் திரும்பினோம்.

அவர் மீசை மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே அவர் வயிறும்.

எம் நாட்டில் அவரினும் கனத்த மனிதர் இல்லை. எம் நிலையை மறந்து, வாய்விட்டுச் சிரித்தோம். "சண்டை மூளப்போற நேரத்துல என்ன சிரிப்பு, தேவி?" என்று அவர் மனம் நொந்து கேட்டார். "நீங்க மேல போறீங்க, ஐயா" என்றோம். அவர் குனிந்து தம் கால்கள் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.

பாறையை ஏற்ற ஒருவனுக்குக் காரணம் இருக்கலாம். பெருஞ்சாத்தனாரை ஏற்ற யாருக்கு என்ன காரணம்? சிறிது நேரத்தில் அவர் நின்றுவிட்டார். அருவியைப் பாராமல் பாறையைப் பார்த்தோம், அதுவும் நின்றது. அருவியைப் பார்த்துவிட்டுப் பார்த்தால், பானை, குடை, மரம் எல்லாம் ஏறின. பாறையில் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்து, அருகிலிருந்த ஆலவேரோடு ஒப்பிட்டோம். கோடு போய்க்கொண்டே இருந்தது. ஆயினும் வேரை விட்டு நூலளவும் விலகவில்லை.

அந்நேரம் தங்கள் குதிரைத்தலைவர் கோளரியார், எம் படை திரண்டதைக் கண்டு, வீரர் சிலருடன் உருவிய வாளோடு துறையைக் கடந்து வந்தார். எம் வீரர் வேல்களை நிமிர்த்தினர். ஒரு சொல் பிசகினால் அங்கேயே குருதி சிந்தியிருக்கும். யாம் எழுந்து அவரை வரவேற்று, முதலில் அருவியை, பிறகு பாறையைப் பார்க்குமாறு வேண்டினோம். பார்த்தவர், "இதோ ஏறுதே! இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்று முழங்கினார். மறுபடி அருவியைப் பார்த்துவிட்டுத் தம் குதிரையைப் பார்க்கச் சொன்னோம். அவர் திரும்பினார். "ஐயோ, என் குதிரையும் போகுதே!" என்று ஓடிச்சென்று கடிவாளத்தைப் பற்றிக்கொண்டார். முதலில் சிரித்தவர்கள் தங்கள் வீரர்களே.

பின்னர் வாளை உறையிலிட்டு, குதிரையின் கழுத்தைத் தடவியபடி அவர் சொன்னார்: "ரொம்ப தூரம் விரட்டிட்டு வந்து ஊருக்குள்ள நடக்க விட்டா, குதிரை ஊர்ற மாதிரி இருக்கும். நொண்டுதோன்னு இறங்கிக்கூடப் பார்த்திருக்கேன். இதுவும் அந்த மாதிரிதானோ?" அவர் சொல்லால் எமக்குத் தெளிவு பிறந்தது. கண்ணானது அசைவை நிலையான கோல்கொண்டு அளப்பதில்லை. நெடுநேரம் விழுவதைப் பார்த்தால் விழுவதே அதற்கு இயல்பாகிவிடுகிறது. பிறகு சும்மா நிற்பது ஏறுவதாகத் தோன்றுகிறது. இத்தனை தலைமுறையாக நேராதது இன்று ஏன் என்றால், பழைய காவல்மனை மழையில் சரிந்தபின் யாம் புதியதை அருவிக்கு நேரெதிரே கட்டினோம். அதைக் கண்டு தாங்களும் எதிர்க்கரையில் அவ்வாறே கட்டினீர்கள். நாள் முழுதும் நீரைப் பார்த்த காவலர் மெய்யே சொன்னார்கள். இரு நாட்டிலும் அவர்களைப் பொய்யர் என்று யாரும் ஒறுக்கலாகாது.

தங்கள் வேந்தர் இதை நம்புவாரா என்று கோளரியாரைக் கேட்டோம். "நம்பமாட்டார். நானே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார். ஆகவே நம்புமாறு யாம் வேண்டவில்லை. அரசியாரோடும் குழந்தையோடும் வந்து பார்க்குமாறு அழைக்கிறோம்.

எம் ஆணையாவது: காவல்மனை வாயில் பாதையை நோக்கித் திருப்பி அமைக்கப்படும். எம் படை, தங்கள் மறுமொழிக்குக் காத்திராமல், இன்று காலையே ஊர் திரும்பிவிட்டது. யாம் மட்டும் பாங்கியரும் சமையலாரும் சூழ அருவிக்கரையில் தங்கியுள்ளோம். இங்கே வேலும் வாளும் இல்லை. தாங்கள் படையோடு வந்தாலும் தனியே வந்தாலும் இலை போட்டு வைத்திருப்போம்.

இவ்வோலையைக் கோளரியார் கையிலேயே கொடுத்து விடுக்கிறோம். மூங்கிற்கொத்துப் பொறித்த எம் இலச்சினை இட்டோம். இது தேன்வரை அரசி அல்லியங்கோதை எழுத்து.