கடைசி வளைவில் நின்றுபோன கார்

தோற்கப்போகும் நேரத்தில் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன் என்று மயூர் விஹாரில் நம் பிளாக் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நீ கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டாய். நீ சொன்ன பொய் இங்கேயே குடியிருக்கிறது.

இன்று காலை அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஓட விட்டேன். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உன்னோடு கார்ப் பந்தயம் ஆடிய மாலைகள் நினைவுக்கு வந்தன, இனிமையாக அல்ல.

அதை வாங்க நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்கு நீதான் கூட வந்தாய். டூயல் கோர் என்றால் உள்ளே இரண்டு பேர் வேலை பார்ப்பதுபோல, குவாட் கோர் என்றால் நான்கு பேர் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். பிறகு, "கேம் கேல்தி ஹைன் க்யா, மாதாஜி?" என்று என்னைக் கேட்டார். விளையாடுவேனா என்று.

நீ முந்திக்கொண்டாய். "கேம் நஹீ பையா, பஜன்." விளையாட்டு இல்லையாம், நான் பஜனை கேட்கத்தானாம். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "வூட்டுல இருக்கறது நீங்க ஒருத்தருங்க்கா. உங்களுக்கு எதுக்கு நாலு?"

என் கணவர் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. நீ சொன்னபடி டூயல் கோரையே வாங்கினேன். எழுபத்தோரு வயதில் கார்ப் பந்தயம் ஆடுகிறேன் என்று ஒரு கடைக்காரரிடம் சொல்லவும் கூசினேன். அது என் தவறு, மறைக்கவில்லை. ஆனால் உன் மகன் உனக்கு வாங்கித் தந்தது குவாட் கோர். வித்தியாசம் தெரிந்தேதான் எனக்கு இரண்டு போதும் என்றாய்.

உன் முழங்காலுக்கு என் வீட்டு மூன்று மாடிப் படி ஆகாது. அதனால் அவரவர் வீட்டிலிருந்து, வீடியோவில் பேசிக்கொண்டே ஆடினோம். கடைசி வளைவில் எட்டுக் கார்களும் நெருங்கும், இருபுறமும் கூட்டம் எழுந்து நிற்கும். சரியாக அங்கே என் திரை உறைந்துபோகும், திறந்த வாயோடு உன் முகமும்.

உடனே போன் செய்வாய். "அக்கா, மறுபடியும் அணைச்சுப்போட்டீங்களா?"

"நான் தொடவே இல்ல. அதுவா நின்னு போச்சு."

"தோக்கறப்ப மட்டும் நிக்குதுங்களே."

நான் முன்னால் இருந்தபோதும் இரண்டு முறை நின்றது. அதை நீ யாரிடமும் சொல்லவில்லை. கீழ் வாசலில், பார்க்கில், காய்கறி வண்டியருகில், "அக்கா அழுகுணி ஆட்டம் ஆடறாங்க" என்று மட்டும் சொன்னாய். கான்வென்டில் எனக்குத் தப்பாகக் கூட்டிப் போட்ட இரண்டு மதிப்பெண்ணை நானே சிஸ்டரிடம் காட்டி, முதலிடத்தை இழந்தவள் நான். அதை உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் குவாட் கோர் வாங்கினேன். விளையாடத்தான் என்று கடையில் நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முனிர்காவில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணோடு, வீடியோவில் பேசியபடி, பதினோரு பந்தயம் ஓட்டினேன். பதினொன்றிலும் தோற்றேன். ஒருமுறைகூடத் திரை நிற்கவில்லை. கடைசி வரை ஓட்டி, என் பெயர் கீழே வருவதைப் பார்த்த பிறகே எழுந்தேன்.

இன்று காலை அந்தப் பெண் நேரில் வந்தாள். பழையதில் அதே பந்தயத்தை ஓட்டிக் காட்டினேன். வீடியோப் பேச்சும் சேர்ந்தால் அதே வளைவில் நிற்கிறது. பேச்சை மூடினால் ஓடுகிறது. உள்ளே இருக்கும் அந்த இரண்டு பேருக்கு அத்தனை வேலை தாங்கவில்லை. மூன்று முறை பார்த்தாள்.

"திருப்பறதுக்கு முன்னாலயே வேகத்தக் கொறச்சுப்போடுங்க. திரும்பறப்ப பிரேக்கத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தவள் நீ. இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன். வேறு விதமாக ஓட்ட எனக்குத் தெரியாது. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான் அணைக்கவில்லை என்று ஒரு தாளில் உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறேன். போன் வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.