கௌரியின் பி கலங்கள்

மாசி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். நான் வேலை பார்க்கும் சீனன்குடா ஸ்டோரில் லீவு கேட்டேன். மேலதிகாரி, "என்ன விசேசம்?" என்றார். "மனுசிக்குச் சோதினை." சிரித்தார். ஆனால் லீவு தந்தார்.

வெள்ளிக்கிழமை கண்டிக் கம்பஸில் என் மனுசி கௌரிக்குக் கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை. ஆய்வேட்டை ஏற்கெனவே அனுப்பியாயிற்று. இனிப் பரீட்சகர்கள் முன் நின்று விளக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் எடுத்த படங்கள் கதிரை, கட்டில் எங்கும். கறுப்பில் வெள்ளைக் கோடுகள். உட்கார இடமில்லை. குசினியில் நின்றே சாப்பாடு.

வாங்க வேண்டியவை: மெழுகுதிரி, டோர்ச் பற்றரி, அவளுக்குச் செருப்பு.

மாசி 10, செவ்வாய்
மழை விட்டது. கரண்ட் இல்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமி யாருக்கோ சொன்னது: "கட்டி எத்தினை வருசம். பிள்ளையைக் காணேல்ல. அவ இன்னும் படிக்கிறா." கௌரிக்கும் கேட்டிருக்கும். கிணற்றடியில் வாளியை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

பின்னேரம் என்னை முன்னால் இருத்தி ஒத்திகை. எனக்கு விளங்கிய அளவில்:

நோய்க் கிருமிகளைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் எண்ணற்ற வகை. அத்தனைக்கும் தனித்தனிப் பரம்பரையலகு, அதாவது ஜீன், உடம்பில் இல்லை. அதனால் எலும்புக்குள்ளே, மச்சையில் வளரும் பி கலம் என்ற இரத்த அணு தன் டி.என்.ஏ.யையே வெட்டி, துண்டுகளை வேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு விதம். திகைத்துப் போனேன். என் உடம்பிலும் நடக்கிறதாம், இப்போதும்.

"வெட்டுற நொதியம், அந்த என்சைம், டி கலம் எண்ட மற்ற வகையிலயும் அதேதான். ஆனா அது பிறபொருளெதிரி செய்யிறேல்ல," என்றாள்.

"அப்ப அங்க ஏன் வாறேல்ல?"

எழும்பியே விட்டாள். "இஞ்சருங்கோ, அதுதான் என்ர ஆய்வு!"

பிரதியெடுப்புக் காரணிகள் என்று சில புரதங்கள். டி.என்.ஏ.யில் தமக்குரிய இடங்களில் போய் அமர்ந்து, எந்தப் பரம்பரையலகு எப்போது திறப்பது என்று தீர்மானிப்பவை. அவை திறந்துவிட்ட இடத்தில்தான் நொதியம் வெட்டலாம். கௌரி பார்த்தது ஒரு காரணியை. அது இல்லாத கலம் பாதியில் நின்றுவிடுகிறது. முதல் இரண்டு துண்டும் ஒட்டுகின்றன, மூன்றாவது வந்து சேர்வதில்லை. துண்டுகள் ஒட்டினால் படத்தில் வெள்ளைக் கோடாக விழும்; ஒரு கோடு உண்டு, மற்றக் கோடு இல்லை. அந்த இல்லாத கோட்டுக்காகத்தான் இவ்வளவு வருடம்.

மாசி 12, வியாழன்
கண்டி வந்து சேர்ந்தோம்.

கந்தளாய்க்கு முன்னால் செக்பொயின்ட். எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கிப் பைகளைத் திறக்க வேண்டும். கௌரியின் கோப்பை ஓர் ஆமிக்காரப் பொடியன் புரட்டினான். பக்கம் பக்கமாக டி.என்.ஏ.யை எழுதும் நாலே எழுத்துகள், ஏ, சி, ஜி, டி. நொதியம் வெட்டும் இடங்களில் சிவப்பு வட்டம். "இது என்ன ரகசியப் பாசை?" என்று சிங்களத்தில் கேட்டான். கௌரி சிங்களத்திலேயே விளக்கினாள். இரத்தம், கலம், கிருமி. மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "பெரியவர் வந்து பார்க்க வேணும். நாளைக்கு ஆகும்," என்று கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

படங்கள், பேச்சில் திரையில் காட்ட வைத்திருந்த ஓவர்ஹெட் தாள்கள், எல்லாம் அந்தக் கோப்பில். நாளை வரை நின்றால் பரீட்சை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பரீட்சகர் சனிக்கிழமை பறந்துவிடுவார். பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடி.

"திரும்பிப் போவம் கௌரி. உமக்கு இன்னொரு நாள் தருவினம்."

"கடதாசியைத்தானே எடுத்தவங்கள். ஏறுங்கோ."

ஏறினேன். தம்புள்ளை வரை கண்ணை மூடியிருந்தாள், விரல் மட்டும் மடியில் கோடு கீறிக்கொண்டே.

மாசி 13, வெள்ளி
குளிர். பேச்சு நேரம் யாரும் இருக்கலாமாம். கடைசி வாங்கில் உட்கார்ந்தேன் நான்.

கௌரி நடந்ததை இரண்டே வசனத்தில் ஆங்கிலத்தில் சொன்னாள். குறை சொல்லவில்லை. சோக்கட்டி கேட்டாள். பலகை முழுக்கப் படங்களைக் கீறினாள், ஒவ்வொரு கோடும் அதனதன் உயரத்தில். வெளிப் பரீட்சகர், நரைத்த பெண்மணி, ஆய்வேட்டைத் திறந்து பலகையையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏட்டை மூடி வைத்துவிட்டார்.

அவர் கேட்டது: மூன்றாவது துண்டு சேராததற்குக் காரணி இல்லாததுதான் காரணமா? வெட்டும் நொதியமே கலத்தில் இல்லாமல் இருக்கலாமே?

கௌரி அவசரப்படவில்லை. பலகையில் இருந்த ஒற்றைக் கோட்டைத் தொட்டாள். முதல் இரண்டும் ஒட்டியிருக்கின்றனவே, நொதியம் வந்து வெட்டாமல் அவை ஒட்டியிருக்க முடியாது என்றாள். கத்தி இருக்கிறது, மூன்றாவது இடம்தான் திறக்கவில்லை. பெண்மணி தலையாட்டினார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் என்னவோ எழுதினார்.

வெளியே காத்திருந்தோம். கூப்பிட்டார்கள். சின்னச் சின்னத் திருத்தங்கள், அவ்வளவுதான். பாஸ். பெண்மணி கைகுலுக்கி, "டொக்டர்," என்று கூப்பிட்டார். கௌரி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ என்று நினைத்து.

பிறகு சாப்பாட்டுக் கடை. சேலை முழுக்கச் சோக் தூள். பரிமாறியவர் பார்த்துவிட்டு, "அம்மா டீச்சருங்களா?" என்றார்.

"இல்லை. டொக்டர்," என்றேன் நான்.

"ஆஸ்பத்திரியிலயா?"

"இல்லை. நோய் வருத்தம் வராமல் உடம்பு தன்னை எப்பிடிக் காக்குது எண்டு கண்டுபிடிக்கிற டொக்டர்."

கடை முழுக்கக் கேட்டிருக்கும். கௌரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். இன்னொரு தரமும் சொன்னேன்.