ராத்திரியில் உன் பாதி

இன்று காலை ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலின் பாட்டிலை எடுக்கும்போது கை நழுவிவிட்டது. விழுந்து உடைந்ததும் அடுக்களை முழுக்க அந்த வாசம். புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. நான் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல் விளக்கிக்கொண்டிருந்த உன் மகள் எட்டிப் பார்த்து, "எப்பா, அம்மா வாசம் அடிக்கி" என்றாள். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது சரிதான். அவளுக்கு ஊசி போட்டுப் போட்டு உன் விரலில் ஏறிய வாசம்தான் அது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது விரலில் பவுடரைத் தேய்த்துக்கொண்டு, "வாசம் போயிட்டுதாங்க?" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவாய். போயிருக்காது. போய்விட்டது என்றுதான் சொல்லுவேன்.

உனக்கு எழுத உட்கார்ந்ததே ஒரு சங்கதியைச் சொல்லத்தான். ஆனால் முதலில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். எனக்கு உறக்கம் வேண்டும். ஒரே ஒரு ராத்திரி, விடிகிறவரைக்கும், யாரும் எழுப்பாத உறக்கம். பூ மார்க்கெட்டில் எடை போடும்போது கண் சொருகிவிடுகிறது. கமிஷன் கடை அண்ணாச்சி நேற்று எல்லார் முன்னாலும், "வே, பிச்சிப்பூவ வைக்கச் சொன்னா உம்ம தலைதான தராசுல கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் நான் அடுத்த மூட்டையை இழுத்தேன்.

அவள் ஏழாவது படிக்கும்போது இந்தச் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சுகர் இல்லை, இவள் உடம்பில் இன்சுலினே ஊறவில்லை, ஆயுசுக்கும் ஊசிதான் என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னார். பகலில் சர்க்கரை ரொம்ப இறங்கினால் கை நடுங்கும், பசிக்கும், அவளே சொல்லிவிடுவாள். தூக்கத்தில் இறங்கினால்தான் ஆபத்து, அவளுக்கே தெரியாமல் போய்விடலாம் என்றும் சொன்னார். திரும்பி வந்த பஸ்ஸில் நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ராத்திரியை இரண்டாகப் பிரித்தாய். "முன்ராத்திரி எனக்கு, பின்ராத்திரி உங்களுக்கு. எப்படியும் இருட்டோட மார்க்கெட்டுக்கு எந்திரிக்கிற ஆளுதான நீங்க" என்றாய்.

அன்றிலிருந்து என் கால் கட்டைவிரலை இழுத்துத்தான் எழுப்புவாய். "இந்தாங்க, உங்ககிட்ட விடுதேன். நூத்தியறுவது இருக்கு. பிடரியில வேர்வை இல்ல." நான் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் உன் குறட்டை கேட்கும். அவளுடைய பிடரியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதை நீதான் சொல்லிக்கொடுத்தாய். சில்லென்று ஈரம் இருந்தால் விரலில் குத்திப் பார்க்கிற மிஷினை எடு, இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு எடு. "தூங்குத மூஞ்சியப் பாத்து ஏமாந்துராதீங்க" என்பாய்.

அந்த ஆடித்தபசு ராத்திரி உனக்கு மறந்திருக்காது. நோய் வந்து மறு வருஷம். கூட்டாளிப் பிள்ளைகளோடு ஆடிச்சுற்றுப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நீயும் கூடவே போய் அவளோடு கோமதியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தாய். அவள் நூற்றியெட்டுச் சுற்றையும் முடித்தாள், நீ பாதியில் உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வந்ததும் அவள், "கை கழுவிட்டு வாரேம்மா" என்றாள். நீதான் பிடித்து நிறுத்தினாய். "கோயிலுக்குப் போயிட்டு வந்த ஒடனே கழுவப்பிடாது, ஏட்டி. இங்கன உக்காரு."

மிஷின் நானூறைத் தாண்டிக் காட்டியது. உன் முகம் செத்துவிட்டது. இறக்குவதற்கு ஊசியைப் போட்டாய். விரலைத் துடைத்த பஞ்சைக் கீழே போடப்போனாய், பஞ்சு விழவில்லை. பிசுபிசுவென்று உன் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, என்னத்தத் தின்ன?"

"மாவிளக்கும்மா. கொஞ்சூண்டுதான். கூட வந்த பிள்ளையோட அம்மா உருட்டிக் குடுத்தாங்க."

வெல்லமும் நெய்யும் அவள் விரலில் அப்படியே இருந்தன. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தால் நூற்றிருபதுதான். மிஷின் அளந்தது விரலில் இருந்த வெல்லத்தை. தேவையில்லாத மருந்து உள்ளே போய்விட்டது, அதை வெளியே எடுக்க வழியில்லை. அவ்வளவு நடை நடந்த உடம்பு வேறு, தானாகவே இறங்கும். ரத வீதி நாலிலும் ஆள் நெருக்கம், ஆட்டோ உள்ளே வராது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "தின்னக் குடுங்க, திரும்பத் திரும்பப் பாருங்க. முழுங்க முடியாம மயங்கினா மட்டும் வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. எப்படியாவது பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார்.

அன்றைக்கு முன்ராத்திரியும் இல்லை, பின்ராத்திரியும் இல்லை. அவளை நடுவில் உட்காரவைத்து இருவரும் இருந்தோம். சீனித்தண்ணி, வாழைப்பழம், இட்லி, மறுபடியும் சீனித்தண்ணி. ஒருமுறை அறுபதுக்குக் கீழே போய் அவள் உதடு வெளுத்தபோது நான் செருப்பைத் தேடினேன், நீ சீனியைக் கரைத்தாய். நடந்த அசதியில் அவள் தலை தொங்கித் தொங்கி விழுந்தது. "போதும்மா, கொல்லாதம்மா" என்று அழுதாள். "கொல்லாம இருக்கத்தான் மக்கா, வாயத் தொற" என்று நீ ஊட்டினாய். விடியும்போது நூற்றைம்பதில் நின்றது. நீ புறவாசலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்து நின்றாய். "கோமதி, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோ. இனி இந்த வீட்டுல கை கழுவிட்டுத்தான் எல்லாம்" என்று சத்தமாகவே சொன்னாய். அதற்குப் பிறகுதான் அழுதாய்.

நீ ஒரு தலைவலியோடு படுத்து மூன்றாம் நாளே போவாய் என்று யார் கண்டது? போன மாசியிலிருந்து இரண்டு பாதியும் என்னுடையதாகிவிட்டது. போனில் அலாரம் வைக்கிறேன். அலாரத்துக்கு என்ன தெரியும்? அது அடிக்கும், அவ்வளவுதான். பிடரி வேர்த்திருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. சில நாள் உன்மேல் பயங்கரமான கோபம் வருகிறது. பாதி பாதி என்று பேசிவிட்டு நடுவில் விட்டுப் போனவள்தானே நீ.

சங்கதிக்கு வருகிறேன். அவளுக்குப் பாளையங்கோட்டையில் நர்சிங் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில்தான் தங்கவேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "அம்மா பாதிய எங்கிட்டத் தாப்பா" என்றாள். "சுத்திட்டு வந்த ராத்திரிதான பெரிய கஷ்டம்? இந்தத் தபசுக்குச் சுத்துதேன். அந்த ராத்திரிய நான் ஒத்தையில பாத்துட்டா ஹாஸ்டலுக்கு விடுவியா?"

கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன். நேற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். நெடுநேரம் கை கழுவினாள். மிஷினில் பார்த்தாள். நடக்கிற நாளைக்கென்று டாக்டரம்மா சொல்லியிருந்தபடி ராத்திரி ஊசியைக் குறைத்துப் போட்டாள், கூட ஒரு தோசை தின்றாள், சீனி டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நான் முன்னறையில் படுத்தமாதிரி கிடந்தேன். உள்ளே அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு மூச்சுப் பார்ப்போம் என்று நின்றேன். அலாரம் நின்றது. மிஷின் சத்தம். டப்பா மூடி திறக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மிஷின்.

"எப்பா, அங்கனதான நிக்க?"

"இல்ல" என்றேன்.

"அறுவத்தஞ்சு இருந்துச்சு. சீனி தின்னுட்டேன். இப்பம் நூத்திப்பத்து. பிஸ்கட் திங்கேன், பொறவு ஒருக்கா பாக்கேன். நீ போய்ப் படு."

சற்று முன்பு காலேஜுக்குப் போன் போட்டு, பிள்ளை வருவாள் என்று சொல்லிவிட்டேன். கூடத் தங்குகிற பிள்ளைகளிடம் எதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என் முடிவு தப்பென்றால் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் பாதியைக் கேட்டாள், என் பாதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து நான் தாராளமாக உறங்கலாம். உறங்கமாட்டேன், எனக்கே தெரியும். பின்ராத்திரியில் யாரோ கால்விரலை இழுத்தமாதிரி முழிப்பு வரும், எழுந்து உட்காருவேன், தொட்டுப் பார்க்க ஒரு பிடரி இருக்காது. நீயாவது இருந்தால் பேசிக்கொண்டிருக்கலாம்.