ஆறாம் இடத்துப் பிழை

செண்பகவல்லி அம்மன் துணை

டார்னெய்ட், மெல்போர்ன்,
நவம்பர் 22, சனிக்கிழமை

அன்புள்ள பிரதீப்குமாருக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் பெரியம்மாவும் நலம். கீர்த்தனன் வேலைக்குப் போய் வருகிறான். நீ சிட்னிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காரியம் முடிந்த அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவது என் பழக்கம், அவ்வளவுதான்.

வாட்ஸப்பில் அனுப்பாமல் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார். தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். அம்மா அடுத்த வாரம் உன்னிடம் வருகிறாளாமே, தடுமாறும் இடங்களில் அவளை வாசிக்கச் சொல். உன் அம்மா என்பதால் ஹம்சாவுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான். அவளுக்கு பேஸ்பால் கடைசிவரை பிடிபடவில்லை என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

உன் அப்பா போய் இன்றோடு முப்பத்தொரு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. தீபாவளிக்கு அவன் ஒரு விளக்குப் படம் அனுப்பியிருந்தான், நான் பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினேன். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். இரண்டாம் நாள், கிரெய்கிபர்ன் ரயில் நிலைய வாசலில் நிறுத்தியிருந்த காரில் ஏறி உட்கார்ந்தபடியே போய்விட்டான். தகவல் வந்தபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மீட்டிங்கை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

தகனத்தன்று நூற்றுப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எண்ணினேன். யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பதினாறாம் நாள் காரியத்தைச் சனிக்கிழமைக்காகப் பதினெட்டாம் நாளில் வைத்தோம், ஐயர் அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார். நான் பந்தி பரிமாறினேன், ரசத்தில் உப்புக் குறைவு என்று கவனித்தேன். உன் பெரியம்மா சந்திரகலா என்னை டாக்டரிடம் போகச் சொல்கிறாள். உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் உதறிவிடலாம், எனக்கு எதை உதறுவது என்று தெரியவில்லை.

நீங்கள் மூவரும் இந்தியாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தீர்களே, நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. கிரிக்கெட் என்றால் சனிக்கிழமை முழுதும் போய்விடும் என்று உன் பெரியம்மாவும் அம்மாவும் சேர்ந்து உன்னையும் கீர்த்தனனையும் பக்கத்து மைதானத்து பேஸ்பால் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பெற்றோர் ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். உன் அப்பா அடுப்பில் சாசேஜ் புரட்டினான். எனக்கு ஸ்கோர் எழுதும் வேலை கிடைத்தது. அந்தக் கட்டம் போட்ட தாளைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு நீங்கள் கிரெய்கிபர்னில் வீடு வாங்கிப் போனீர்கள். அடுத்த பருவத்தில் நீ அந்த ஊர் சட்டையோடு எங்கள் மைதானத்தில் வந்து இறங்கினாய். உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'அண்ணே, இந்தக் காத்துல உங்க பசங்க அடிக்கிற பந்து அம்பது கிலோமீட்டர் தள்ளி ஜீலாங்குக்குத்தான் போவும்' என்று கத்தினான். உங்கள் ஊரில் தலைக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு பந்து பிடிப்பவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று நானும் திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் பேசினோம். ஆனால் அன்று எனக்கு உள்ளே சுருக்கென்றது உண்மை. வீட்டுக் கடன் கிடைத்த இடத்தை வைத்துத்தானே அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணி ஆனோம்!

லாவர்ட்டன் மைதானத்தில் மெல்போர்ன் அணியும் சிட்னி அணியும் மோதும் நாளில் மட்டும் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்காருவோம். சிட்னிக்காரனை உன் அப்பா வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

எங்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. கோவில்பட்டியில் ஹாக்கி எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தண்டவாளத்துக்கு மேற்கே பிறந்தவன் மேற்கு அணி, கிழக்கே பிறந்தவன் கிழக்கு அணி. உன் அப்பாயி கிழக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் கை தட்ட மாட்டாள். தாத்தா அம்பயர். ஒரு இறுதி ஆட்டத்தில், தம்பிக்குச் சலுகை காட்டினார் என்று ஒருவனும் சொல்லிவிடக் கூடாதென்று, மட்டையைக் கொஞ்சம் உயர்த்தியதற்காகத் தன் சொந்தத் தம்பியையே வெளியே அனுப்பினார். சித்தப்பா பதினோரு வருடம் எங்கள் வாசற்படி ஏறவில்லை. நானும் உன் அப்பாவும் இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். இப்போது யோசித்தால் அது பெருமை இல்லை, குடும்ப வியாதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம். உங்கள் அணிக்கு நீ ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவன். ஸ்கோர் தாளில் அந்த இடத்துக்கு எண் ஆறு. கடைசி இன்னிங்ஸ், எங்கள் அணி ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது, இரண்டு பேர் தளத்தில் நிற்கிறார்கள். அடிக்க வந்தவன் கீர்த்தனன். தரையோடு உன்னை நோக்கி அடித்தான். நீ குனிந்தாய். பந்து உன்னைத் தாண்டிப் போயிற்று. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது.

ஹம்சாவுக்காக எழுதுகிறேன். இப்படி நடந்தால் ஸ்கோர் எழுதுகிறவன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். யாராலும் பிடித்திருக்க முடியாத பந்து என்றால் அது அடித்தவனின் 'ஹிட்'. பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் விட்டவனின் 'எரர்', பிழை. ரன் எப்படியும் ரன்தான், ஆட்டத்தின் முடிவு மாறாது. யார் பெயரில் எழுதுகிறோம் என்பதுதான் மாறும்.

நான் வலைக்குப் பின்னால் மேசையில் இருந்தேன். புல் முடிந்து செம்மண் தொடங்கும் விளிம்பில் பந்து பட்டதைப் பார்த்தேன். மண் தெறித்ததைப் பார்த்தேன். இடுப்புயரத்தில் வர வேண்டிய பந்து உன் தோளுக்கு மேல் துள்ளிற்று. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது பிரதீப். அது ஹிட். எழுதுவதற்காகப் பென்சில் முனையைத் தாளிலும் வைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்தில் இருந்த உங்கள் கிளப்பின் ஸ்கோர்காரி, அந்த வெள்ளைக்கார அம்மாள், தன் தாளில் எழுதாமல் என்னைப் பார்த்தாள். எங்கள் மைதானம் என்பதால் தீர்மானம் என்னுடையது. அடித்தது உங்கள் மகன்தானே என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சும்மா கேட்டாளோ என்னவோ. எனக்குக் காது சூடாகிவிட்டது. சொந்தப் பிள்ளைக்கு ஹிட் போட்டுக்கொண்டான் என்று நாளைக்கு இவர்கள் பேசுவார்களே என்று தோன்றியது. E6 என்று எழுதினேன். ஆறாம் இடத்துப் பிழை.

என் மகனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் இருந்தால் நான் நேர்மையானவன் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தில் இன்னொரு பையனின் பெயரும் இருக்கிறது என்பதும், அவனும் எங்கள் வீட்டுப் பையன் என்பதும் அந்த நொடியில் என் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் தாளை அனுப்ப வேண்டும், அதுவரை திருத்தலாம். உன் அப்பா ஞாயிறு மதியம் மூன்று முறை கூப்பிட்டான். கைப்பேசி மேசையில் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. தம்பி கேட்டான் என்று மாற்றிவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வருமே! பிறகு குரல்பதிவாகச் சொல்லி வைத்திருந்தான். 'அண்ணே, அது பந்து துள்ளின துள்ளு. பையன் என்ன செய்வான்? நேத்திலேருந்து சாப்பிடாம கெடக்கான். நீங்க பாத்திருப்பீங்க. பாத்ததை எழுதுங்க, அது போதும்.' ஆறு மணிக்கு நான் தாளை அப்படியே அனுப்பினேன்.

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விசேஷங்களில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பான், ஆச்சு என்பேன். ஆறு வருடம் அப்படியே போயிற்று. அவன் என்னைக் கூப்பிட்டதை உனக்குச் சொல்லவே இல்லை என்று காரியத்தன்று உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியப்பா தெரிந்தே செய்தார் என்று நீ நினைத்துவிடக் கூடாதென்று மறைத்திருக்கிறான். அதனால், பிழை உன்னுடையது என்றே நீ இத்தனை நாளும் நம்பியிருக்கிறாய். நீ கையுறையைத் தொடுவதில்லையாம். சிட்னியில் ஒரு கிளப் கூப்பிட்டும், 'என் கையை நம்ப முடியாது' என்று சொல்லிவிட்டாயாம். இதைக் கேட்டபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் இருந்த காபியைக் குடித்து முடித்தேன்.

ரயில் நிலையத்தில் நின்ற காரை எடுத்து வர உன் அம்மா என்னைத்தான் அனுப்பினாள். பின் இருக்கையில் ஒரு தொப்பி கிடந்தது. சிட்னி அணியின் தொப்பி. உன்னுடையது என்று நினைத்து எடுத்தேன். உள்பட்டையில் வியர்வைக் கறை, நரைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. கேட்டதற்கு உன் அம்மா சொன்னாள், நீ அங்கே சிட்னி அணியின் ஆட்டங்களைப் பார்க்கப் போகிறாய் என்று தெரிந்த வாரமே வாங்கிவிட்டானாம். ஆட்டம் நடக்கும் நாளில் அதை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவானாம். நீ கேலி செய்வாய் என்று வெட்கப்பட்டு உன்னிடம் சொல்லவில்லையாம். சிட்னிக்காரனை அத்தனை வசவு வைதவன்! பிள்ளை எந்தப் பக்கம் போனானோ அந்தப் பக்கம் தானும் போய் நின்றுவிட்டான். என்னால் அது முடியவில்லை. நான் யார் பக்கமும் நிற்கவில்லை, அதைத்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கீர்த்தனனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது ஹிட் என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஏன் கேட்கவில்லை என்றேன். எழுதியது நீங்கள்தானே, என் ஆட்டம் அவ்வளவுதான் என்று நீங்கள் நினைப்பதாக எடுத்துக்கொண்டேன் என்றான். பிறகு பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டான்.

உறையில் இருப்பது அன்றைய ஸ்கோர் தாள். திருத்த முடியுமா என்று லீக்கில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பருவம் முடித்து மூடப்பட்டுவிட்டது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அது சரிதான். அதனால் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், 'இது ஹிட். பிழை, எழுதியவனுடையது' என்று பேனாவால் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆறு வருடமும், நூற்றுப் பதினான்கு பேர் வந்த தகனமும் கழிந்தபின் எழுதுவதில் என்ன பிரயோஜனம் என்று நீ கேட்கலாம். உன் அப்பா இருந்தபோது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு எனக்கு வாயும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கையில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கிளப் மறுபடி கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் நீயாகப் போய்க் கேள்.

ஜனவரியில் சிட்னி அணி லாவர்ட்டனுக்கு வருகிறது. இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டும் சிட்னி ஆட்கள் உட்காரும் பக்கம். உன் அப்பாவின் தொப்பி என்னிடம்தான் இருக்கிறது, அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். எனக்கு அது கொஞ்சம் இறுக்கம். நீ வந்தால் உன்னிடம் தந்துவிடுகிறேன். வராவிட்டால் அதை மாட்டிக்கொண்டு நானே அங்கே உட்கார்ந்திருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவைத் தனியாக விடாதே. கழுகுமலை முருகன் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
வாசுதேவன்