வெண்டிப் பொடியும் முட்டைத் தூளும்

யூலை 14, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனல். கலவை அறை அடுப்புப்போல.

காலையில் வாகரையிலிருந்து ராணியக்கா. இரண்டு வாளிப் பொடி: வெண்டிக்காய், முருங்கையிலை. நிழலில் காயவைத்தது. வெயிலில் போட்டால் இலையின் சத்துப் போய்விடும் என்று நான் சொன்னதற்காக, பொடி இடித்துத் தரும் ஒன்பது வீடுகளில் கட்டிலில் இலை, நிலத்தில் சனம்.

"இலைக்குத்தான் புள்ள இப்ப எங்கட வீட்டுல மரியாத. மனிசன் பாயில."

எங்கள் தொழிற்சாலையின் புதுச் சாமான், என் செய்முறை: முட்டையில்லாத மயோனீஸ். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்க வெண்டிப் பொடி. எண்ணெய் காறி நாறாமலிருக்க முருங்கை. என் சோதனைப் போத்தலுக்கு இன்றோடு மூன்று கிழமை. பிரியவில்லை, காறவில்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக் கோயிலடியில் கடை போடப்போகிறாராம் முதலாளி. விரதக்காரர் வாங்குவார்களாம்.

வாங்க: அம்மாவின் மாத்திரை, குடைக்கம்பி, சவர்க்காரம்.

யூலை 16, புதன்

முதல் பெரிய கலவை. நாசம்.

பொடி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவேண்டும். கஞ்சிபோலத் தடித்தபிறகுதான் எண்ணெய், அதுவும் நூலாக. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"ஒரு மணித்தியாலம் மெசின் சும்மா நிக்கிறதா? உங்கட படிப்பக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல வையுங்க பிள்ளை."

முதலாளியே உலர்ந்த பொடியைக் கொட்டி, எண்ணெயை வாளியோடு கவிழ்த்தார். பத்து நிமிடத்தில் மேலே எண்ணெய், கீழே பச்சைத் தண்ணீர், நடுவில் கட்டிகள்.

பிறகு பொடியை முகர்ந்து பார்த்தார். "கருவாட்டு நாத்தம். வாகரையாக்கள்ட சாமான் வேற எப்பிடி இருக்கும்?"

நானும் முகர்ந்து பார்த்தேன். வெண்டிக்காய். வேறொன்றும் இல்லை. நாறியது அவருடைய வாய்.

சோதனைத் தாளில் எழுதச் சொன்னார்: பொடி தரமில்லை. எழுதினேன். கையொப்பமும் வைத்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை. தூ.

யூலை 19, சனி

புதுக் கலவை அழகாக வந்திருக்கிறது. வராமல் என்ன? பை பையாக முட்டை மஞ்சட்கருத் தூள்.

லேபல் மட்டும் பழையது. வெண்டிக்காய்ப் படம், "முட்டை இல்லை."

"விரதக்காரர் சாப்பிடுவாங்க ஐயா."

"தெரியாமச் சாப்பிட்டாப் பாவமில்ல. அச்சடிச்ச லேபலை என்ன, நான் தின்னுறதா?"

முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை சாப்பிட்டால்? அதையும் கேட்டேன். சிரித்தார்.

ராணியக்காவிடமிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. பிறகு குரல் பதிவு: "நீ வேலையில நிப்பாய் புள்ள. நாங்க அடுத்த வாளிக்கு வெண்டிக்காய் வாங்கிட்டம், சரியா?"

பதில் போடவில்லை.

யூலை 24, வியாழன்

தீர்த்தம். தூசு, ஒலிபெருக்கி, சனம். பாண் துண்டில் மயோனீஸ் தடவிக் கொடுப்பது என் வேலை. காலையிலிருந்து எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று நினைக்க விருப்பமில்லை.

பத்தரைக்கு ராணியக்கா. ஈரச்சேலை, திருநீறு. இறந்த தகப்பனுக்கு விரதம். போத்தலைத் தூக்கிப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினார்:

"பாருகா, எங்கட பொடி. எங்கட கட்டில்ல காஞ்சது."

நான் அடுத்த துண்டுக்குத் தடவினேன். முதலாளிக்கு அவர் முகம் தெரியாது, பொடியைத்தான் தெரியும். கும்பிட்டுக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார். "சுத்த சைவம் அம்மா. சாப்பிட்டுப் பாருங்க."

துண்டு வாயருகே போய்விட்டது. தட்டிவிட்டேன். பாண் மண்ணில்.

"அதுல முட்டை கிடக்கு அக்கா. உங்கட பொடி ஒரு சிட்டிகையும் இல்ல. பொடி கூடாதெண்டு எழுதினது நான்தான்."

வரிசையில் நின்ற ஒருவர் துப்பினார். "முட்டையா? ஆர்ரா கடைக்காரன்?" முதலாளி திரையை இழுத்து மூடினார். மூடும்போது எனக்கு: "இனி இந்தப் பக்கம் வராத."

போகட்டும். அது எனக்கு உறைக்கவில்லை.

ராணியக்கா போத்தலைத் திரைக்கு வெளியே நின்ற மேசையில் வைத்தார்.

"எப்ப எழுதின?"

"புதன்கிழம."

"சனிக்கிழம நான் உனக்குக் கோல் எடுத்தன் புள்ள. மூணு தரம்."